விழுந்தால் ஏறும் ஃபண்ட்

கோவில்பட்டியில் எங்கள் நால்வரை யாரும் முகத்துக்கு நேரே முட்டாள் என்று சொன்னதில்லை. "நல்ல மனுஷங்க" என்பார்கள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் இடைவெளி விடுவார்கள். விஷயமே அந்த இடைவெளியில்தான் இருந்தது என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

எங்களுக்குத் தலைவர் தளவாய் அண்ணாச்சி. இரும்புக்கடை வைத்திருக்கிறார். தேர்தல் ஏதும் நடக்கவில்லை. அவர் கடையில் ஃபேன் நன்றாகச் சுற்றும். அதனால் அங்கே கூடினோம். கூடின இடத்துக்காரர் தலைவராகிவிட்டார். அடுத்தவர் ஆவுடையப்பன் சார். அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் படித்த பிள்ளைகள் பலர் கணக்கை விட்டு வெகுதூரம் போய் நன்றாக இருக்கிறார்கள். மூன்றாமவர் செல்வின், எங்களில் இளையவர், பேக்கரி நடத்துகிறவர். நான்காவது நான், நம்பிராஜன். மின்வாரியத்தில் வேலை பார்த்தேன். என் காலத்தில் எங்கள் பகுதியில் அடிக்கடி கரண்ட் போனதற்கும் எனக்கும் தொடர்பு உண்டு என்று எவராலும் நிரூபிக்க முடியவில்லை.

நால்வரும் சேர்ந்து பங்குச் சந்தையில் இறங்கியிருந்தோம். சிமென்ட் கம்பெனிப் பங்கு வாங்கினோம். வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிறுத்திவிட்டார்கள். குளிர்பானக் கம்பெனி வாங்கினோம்; அந்த வருஷம் சித்திரை முழுக்க மழை. சரி என்று குடைக் கம்பெனி வாங்கினோம், மழை நின்றுவிட்டது. அப்புறம் நாலாட்டின்புதூர்ப் பக்கத்து விவசாயிகள் சிலர் வந்து, அடுத்து என்ன வாங்குவதாக உத்தேசம் என்று மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனார்கள்.

இதற்கெல்லாம் தனியாக வைத்திருந்த சில்லறைப் பணம்தான் போனது. பெரிய பணம் வேறு இருந்தது. எங்கள் நான்கு வீட்டுப் பெண்களும் காசிக்குப் போக வேண்டும் என்று வெகுநாளாக ஆசைப்பட்டு, செலவில் மிச்சம் பிடித்துப் பிடித்துக் கொடுத்த பணம். செல்வின் வீட்டம்மா வேளாங்கண்ணி போகிறவர்தான். ஆனாலும், ஊர் பார்க்க எந்த ஊராயிருந்தால் என்ன என்று சேர்ந்துகொண்டார். எட்டுப் பேரும் ரயிலில் போய்வரப் போதுமான தொகை. அண்ணாச்சிக்கு மட்டும் ஒரு குறை. போனால் விமானத்தில் போக வேண்டும் என்றார். ரயில் பணத்தை விமானப் பணமாக்க ஏதாவது வழி வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் ஆவுடையப்பன் சார் பேப்பரில் ஒரு செய்தியைக் கண்டுபிடித்தார். புதுசாக ஒரு ஃபண்ட் வந்திருக்கிறதாம். ரெட்டைத் தலைகீழ் ஃபண்ட் என்று பெயர். சந்தை ஒரு பங்கு விழுந்தால் அது ரெண்டு பங்கு ஏறும். சந்தை ஒரு பங்கு ஏறினால் அது ரெண்டு பங்கு விழும்.

அண்ணாச்சி அந்தச் செய்தியை மறுபடியும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு கல்லாவை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"நாம இறங்கினா சந்தை விழும். இது ஊருக்கே தெரியும். விழுந்தா ஏறுத மாதிரி ஒரு ஃபண்ட் செஞ்சிருக்காவ. நம்மளை யாரோ கவனிச்சுக்கிட்டே இருந்து நமக்குன்னு செஞ்சிருக்காவ வே."

எங்களுக்குக் கண் கலங்கியது. எங்கோ பம்பாயில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் கோவில்பட்டியில் நாலு பேரை நினைத்து இப்படி ஒன்று செய்கிறார்கள் என்றால் சும்மாவா?

ஜவுளிக்கடை மாடியில் இருந்த பங்குத் தரகர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே மேனேஜர் லட்சுமிகாந்தன். பொறுமைசாலி. எங்களைப் பார்த்ததும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார். அன்றைக்கும் குடித்தார். இது ஆபத்தான ஃபண்ட் என்று ஆரம்பித்து, ஆவணத்தைக் கவனமாகப் படித்துவிட்டு வாருங்கள், ராத்திரி தூக்கம் கெடாத அளவுக்கு மட்டும் பணம் போடுங்கள், எக்காரணம் கொண்டும் ஒரு நாளைக்கு மேல் கையில் வைத்திருக்காதீர்கள் என்று மூன்று விஷயங்கள் சொன்னார். தட்டாமல் செய்கிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, தலையணை கனத்துக்கு இருந்த ஆவணத்தையும் வாங்கிக்கொண்டு இறங்கினோம்.

கவனமாகப் படிப்பது என்றால் எப்படி என்று ஒரு கேள்வி வந்தது. செல்வின்தான் தீர்த்துவைத்தார். டிவி விளம்பரத்தில் ‘ஆவணங்களைக் கவனமாகப் படிக்கவும்’ என்கிற வாசகத்தை ஒரே மூச்சில் மின்னல் மாதிரிச் சொல்கிறார்களே, அதுதான் முறையான வேகமாக இருக்க வேண்டும் என்றார். மறுக்க முடியவில்லை. முறை வைத்து ஆளுக்கொரு பக்கம் மூச்சு விடாமல் படித்தோம். அண்ணாச்சிக்குப் பாதியில் புரையேறியது. நான் ஒரு பக்கத்தை முடித்தபோது காது அடைத்து, எதிரே இருந்த கம்பிக் கட்டுகள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. இதுதான் அந்த ‘ரெட்டை’ போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வேகத்திலும் ஒரு வார்த்தை அண்ணாச்சி காதில் சிக்கியது. ‘நெம்புகோல் விளைவு’ என்று தமிழில் போட்டிருந்தார்கள். நிறுத்துங்கள் என்று கையைக் காட்டினார். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது, நெம்புகோல் என்றால் கடப்பாரைதானே, நம் கடையில் இரண்டாவது ரேக்கில் அஞ்சடியிலும் ஆறடியிலும் இருக்கிறது என்றார். பரம்பரையாகக் கடப்பாரை விற்கிற ஒருவர் எங்களுடன் இருக்கும்போது பயப்பட ஒன்றும் இல்லை என்று முடிவாயிற்று.

அடுத்தது தூக்கம். எவ்வளவு பணம் போனால் தூக்கம் கெடும் என்று படுத்துப் பார்த்தால்தானே தெரியும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அண்ணாச்சி கடைக் குடோனில் நாலு பாயை விரித்துப் படுத்தோம். அன்றைக்குப் பார்த்து அண்ணாச்சி வீட்டில் சொதிச் சாப்பாடு; அந்தத் தேங்காய்ப்பால் குழம்பைச் சாப்பிட்டால் கண் தானாகச் சொக்கும். ஆவுடையப்பன் சார் படுத்தபடியே, "பணத்துல கால்வாசி போயிட்டு" என்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "பாதி போயிட்டு" என்றார். செல்வின் குறட்டை விட ஆரம்பித்தார். "முழுசும் போயிட்டு" என்றும் சொன்னதாக சார் சாயங்காலம் சொன்னார். எங்களில் யாருக்கும் அது கேட்டிருக்கவில்லை. ஆக, முழுப் பணத்தையும் போடலாம் என்று ஆயிற்று.

கடைசியாக அந்த ஒரு நாள். ஒரே ஒரு நாள்தான் வைத்திருக்கலாம் என்றால் அது நல்ல நாளாக இருக்க வேண்டும். அண்ணாச்சி சுவரிலிருந்த தினசரி காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஃபண்ட் ஏறணும். அதனால மேல்நோக்கு நாள்ல வாங்குவோம்" என்றார்.

ஆவுடையப்பன் சார் தலையை ஆட்டினார். "ஃபண்ட் ஏறணும்னா சந்தை விழணும் அண்ணாச்சி. கீழ்நோக்கு நாள்லதான் வாங்கணும்."

"கிணறு தோண்டத்தான் கீழ்நோக்கு நாள். நாம என்ன கிணறா தோண்டுதோம்?"

"சந்தைக்குக் கிணறுதானே அண்ணாச்சி."

செல்வின் தன் வீட்டுக் காலண்டரில் மேல்நோக்கும் இல்லை, கீழ்நோக்கும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிவப்பாக இருக்கும் என்றார். தரகர் அலுவலகத் திரையில் சிவப்பு வந்தால் சந்தை விழுகிறது என்று அர்த்தம்; எனவே ஞாயிறே உத்தமம் என்பது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமை சந்தை கிடையாது என்று அவரை அடக்குவதற்குள் டீ ஆறிவிட்டது. கடைசியில் நான் ஒரு சமரசம் சொன்னேன். இருவர் பக்கமும் நியாயம் இருப்பதால் சமநோக்கு நாளில் வாங்கிவிடலாம். என் வாழ்க்கையில் என் யோசனை ஒன்றை எல்லோரும் ஒருமனதாக ஏற்றது அன்றைக்குத்தான்.

அப்படியே வாங்கினோம். அன்று சந்தை காலையில் கொஞ்சம் ஏறி, மத்தியானம் கொஞ்சம் இறங்கி, முடியும்போது தொடங்கின இடத்திலேயே வந்து நின்றது. டிவியில் நிபுணர்கள் இதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். காலண்டரைப் பார்த்திருந்தால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். வாக்குக் கொடுத்தபடி அன்றே விற்றுவிட்டோம். தரகர் கமிஷன் மட்டும் போயிற்று.

மறுபடி ஒரு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது இடி மாதிரி ஒரு செய்தி வந்தது. இந்த மாதிரிச் சிக்கலான ஃபண்டுகளைத் தனிநபர்கள் வாங்க வேண்டுமென்றால் ஒரு பரீட்சை எழுதித் தேற வேண்டும் என்று சந்தையைக் கண்காணிக்கும் மேலிடம் விதி கொண்டுவரப் போகிறதாம். பொதுமக்கள் கருத்துச் சொல்ல மதுரையில் கூட்டம் போட்டிருந்தார்கள்.

அண்ணாச்சிக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். என் பணத்தை நான் தொலைக்க எனக்கு உரிமை இல்லையா என்று கேட்டார். எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. நான்கு பேரும் வெள்ளை வேட்டி கட்டி மதுரைக்கு பஸ் ஏறினோம். விளக்கம் கேட்டால் காட்டுவதற்காக அண்ணாச்சி அஞ்சடி கடப்பாரை ஒன்றை எடுத்துக்கொண்டார். கூட்டம் நடந்த கட்டடத்தின் வாசலில் காவலாளி அதை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார். எங்கள் தரப்பின் முக்கியமான ஆதாரம் இல்லாமலே உள்ளே போக வேண்டியதாயிற்று.

மேடையில் ஒரு பெண் அதிகாரி. சாந்தமான முகம். படித்தவர்கள் சிலர் எழுதிவைத்து வாசித்தார்கள். எங்கள் முறை வந்ததும் அண்ணாச்சி எழுந்தார்.

"அம்மா, நான் கடப்பாரை விக்கிறவன். வாங்க வாரவன்கிட்ட, இதைக் கால்ல போட்டுக்கிட மாட்டியேன்னு பரீட்சை வச்சா விக்கிறேன்? கடப்பாரை என்னோடது, காசைக் குடுத்தா அவனோடது. கால் எப்பவுமே அவனோடதுதான்."

அரங்கம் கைதட்டியது. அதிகாரிகூட அதைக் குறித்துக்கொண்டார். ஆவுடையப்பன் சார் உற்சாகமாகி எழுந்து, தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது தன்னை எவரும் பரீட்சை எழுதச் சொல்லவில்லை, அதைவிடவா இந்த ஃபண்டில் ஆபத்து இருக்கிறது என்று கேட்டார். அதற்கும் கைதட்டல். மாப்பிள்ளை மதுரைக்காரர் என்பதால் கொஞ்சம் மெதுவாகத்தான் கேட்டார்.

அதிகாரி நிதானமாகப் பதில் சொன்னார். விதி இன்னும் வரவில்லை, வருமா என்றும் தெரியாது, இன்றைய தேதியில் யாரும் உங்களைத் தடுக்கவில்லை, இப்போதே போய் வாங்கிக்கொள்ளலாமே என்றார்.

அண்ணாச்சி அப்படியே உட்கார்ந்துவிட்டார். சுதந்திரத்தைக் கேட்டு வாங்கலாம் என்று வந்த இடத்தில் அது ஏற்கனவே கையில் இருக்கிறது என்று சொன்னால் ஒரு மனிதன் என்ன செய்வான்? பஸ்ஸில் சாத்தூர் தாண்டும் வரைக்கும் கடப்பாரையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். பிறகு, இருக்கிற சுதந்திரம் பறிபோகும் முன் முழுசாக அனுபவித்துவிட வேண்டும் என்றார்.

மறுநாள் கடையில் கூடியபோது செல்வின் ஒரு சந்தேகம் கிளப்பினார். அந்தச் சந்தேகத்தை அவர் கிளப்பியிருக்க வேண்டாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"அண்ணாச்சி, நாம எதை வாங்கினாலும் விழும்."

"ஆமா."

"இந்த ஃபண்டை வாங்கினா இதுவும் விழும்லா?"

அண்ணாச்சி எழுந்து ஃபேனின் வேகத்தைக் கூட்டினார்.

"விழுந்தா ஏறும்னுதானே வே அதை வாங்குதோம்" என்றார் அண்ணாச்சி.

"சந்தை விழுந்தா அது ஏறும். அதுவே விழுந்தா?"

ஆவுடையப்பன் சார் சாக்பீஸை எடுத்துத் தகரக் கதவில் எழுத ஆரம்பித்தார். நாம் வாங்கினால் ஃபண்ட் விழும். ஃபண்ட் விழுந்தால் சந்தை ஏறும். சந்தை ஏறினால் நாட்டுக்கு நல்லது. இதுவரைக்கும் சரியாக வந்தது. நாட்டுக்கு நல்லதென்றால் நமக்கு எப்படி நஷ்டமாகும் என்கிற இடத்தில் கதவு தீர்ந்துபோனது.

தீர்வையும் செல்வினே சொன்னார். நால்வரும் ஒன்றையே வாங்குவதால்தான் குழப்பம். இருவர் சாதாரணப் பங்குகளை வாங்க வேண்டும். அவர்கள் வாங்கியதால் சந்தை விழும். விழுந்ததும், மற்ற இருவர் வாங்கிய ஃபண்ட் ரெண்டு மடங்கு ஏறும். முதல் இருவருக்குப் போனது போக, மொத்தத்தில் லாபம். சந்தையை விழ வைக்கும் பொறுப்பைச் செல்வினும் நானும் ஏற்றுக்கொண்டோம். அண்ணாச்சி எழுந்து வந்து, எல்லைக்குப் போகிற சிப்பாய்களுக்குக் கொடுப்பதுபோல எங்களுக்குக் கைகொடுத்தார். காசிப் பணத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செல்வினும் நானும் கடமையில் தவறவில்லை. நாங்கள் வாங்கிய பங்கு, பிஸ்கட் கம்பெனிப் பங்கு, வாங்கிய அன்றே விழுந்தது. ஆனால் அது மட்டும்தான் விழுந்தது. மற்ற சந்தை முழுவதும் ஏறிக்கொண்டே போனது. அதனால் ஃபண்டும் ரெண்டு மடங்கு விழுந்தது.

ஒரு நாளைக்கு மேல் வைக்காதீர்கள் என்று லட்சுமிகாந்தன் சொன்னாரே என்று நான் நினைவுபடுத்தினேன். அவர் ஒரு நாள் என்றது நல்ல நாளைத்தான், இன்றைக்கு நாளே சரியில்லை, இதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்றார் அண்ணாச்சி. மறுநாளும் சரியில்லை. அதையும் சேர்க்கவில்லை. எங்கள் அந்த ஒரு நாள் தொடங்கவே இல்லை. பாதிப் பணம் போனதை ஆவுடையப்பன் சார் அறிவித்தபோது குடோனில் பாய் விரித்துப் படுத்துப் பார்த்தோம். நால்வருக்கும் தூக்கம் வரவில்லை. அன்றைக்குச் சொதிச் சாப்பாடும் இல்லை.

விற்றுவிட்டு, வீட்டில் சொல்லப் போனோம். தனித்தனியாகச் சொல்லத் தைரியம் இல்லாததால், நான்கு பெண்களையும் அண்ணாச்சி வீட்டுக்கு வரச் சொல்லி, நால்வரும் வரிசையாக நின்றோம். அண்ணாச்சியின் வீட்டம்மா பரமேஸ்வரி மதினி கதை முழுவதையும் கேட்டார். காலண்டர், கடப்பாரை எதையும் நாங்கள் மறைக்கவில்லை. மறைத்திருக்கலாம்.

"மிச்சம் எத்தனை பேருக்குக் காணும்?" என்று மட்டும் கேட்டார்.

"நாலு பேரு போகலாம்" என்றார் அண்ணாச்சி.

"சரி" என்றார் மதினி. மிச்சப் பணத்தை வாங்கிக்கொண்டு பெண்கள் எழுந்து போய்விட்டார்கள்.

இவ்வளவு லேசாக முடியும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அந்த நாலு பேர் யார் யார் என்று முடிவு செய்யக் கடையில் கூடினோம். சீட்டுக் குலுக்கலாமா, வயதுப்படி போகலாமா, வீட்டுக்கு ஒருவர் என்றால் அது ஆணா பெண்ணா என்று பேச்சு பல நாள் நீண்டது. வயதுப்படிதான் என்று ஒருமித்து வந்த அன்று என் வீட்டுக்குப் போனால், என் வீட்டம்மா கோமதி பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். நான்கு பெண்களுக்கும் சாயங்காலம் மதுரையில் காசி ரயில். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. பருப்புப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது, கேஸை எந்தப் பக்கம் திருப்பினால் அணையும் என்று மட்டும் சொன்னாள். என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு ஆட்டோவில் ஏறினாள். அந்த ஆட்டோ தெருமுனை திரும்பியபோது, நான் இழந்தது என்ன என்று ஒரு நிமிஷம் துல்லியமாகத் தெரிந்தது. அந்தத் துல்லியம் நிலைக்கவில்லை. பருப்புப்பொடி டப்பாவைத் தேடுவதில் மறந்துபோயிற்று.

பெண்கள் காசியில் இருந்தபோதுதான் அந்த விதி வந்தேவிட்டது. பரீட்சையில் தேறினால்தான் ஃபண்ட் வாங்கலாம். அதற்கு ஒரு பாடப் புத்தகமும் போட்டிருந்தார்கள். போராடினவர்கள் நாம்தான், நாமே எழுதாமல் இருந்தால் பயந்துவிட்டோம் என்பார்கள் என்று அண்ணாச்சி சொல்ல, லட்சுமிகாந்தன் அலுவலகத்தில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தோம். அவர் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

நான் தேறவில்லை. ‘சரியான விடையைத் தேர்ந்தெடுக்கவும்’ என்றுதான் திரையில் இருந்தது. ஒவ்வொன்றையும் மனதுக்குள் கவனமாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்தேன். அதை அமுக்க வேண்டும் என்று எங்கும் போடவில்லை. ஆவுடையப்பன் சாரும் தேறவில்லை. படிகள் இல்லாத விடைக்கு மதிப்பெண் கிடையாது என்பது அவருடைய ஆயுள்காலக் கொள்கை. கம்ப்யூட்டரில் படிகள் எழுத இடமில்லாததால் ஒன்றுக்கும் விடையளிக்கவில்லை. செல்வின் எல்லாக் கேள்விக்கும் ‘மேற்கண்ட அனைத்தும்’ என்று போட்டார். எந்த விடையையும் விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லையாம்.

அண்ணாச்சி தேறிவிட்டார்.

நல்ல மார்க்கில் தேறிவிட்டார். எப்படி என்று விசாரித்தால், மதினி இல்லாத வீட்டில் பேச ஆளில்லாமல், அந்தப் பாடப் புத்தகத்தைத் தினமும் உட்கார்ந்து படித்திருக்கிறார். அதுவும் மெதுவாக, மூச்சு விட்டுக்கொண்டு.

எங்களுக்குச் சந்தோஷம்தான். நால்வரில் ஒருவருக்குச் சுதந்திரம் வந்தாலும் நால்வருக்கும் வந்த மாதிரிதானே. சந்தோஷமாக அவர் கடைக்குப் போய், எப்போது வாங்கலாம் என்று கேட்டோம்.

"வேண்டாம் வே" என்றார் அண்ணாச்சி. "அது நமக்கு ஆகாது."

பிறகு அவர் பேச ஆரம்பித்தார். இன்று நூறிலிருந்து தொண்ணூறுக்கு விழுந்த சந்தை, நாளைக்கே நூறுக்குத் திரும்பி வந்தாலும், ஃபண்ட் பழைய இடத்துக்குத் திரும்பி வராது; தினம் தினம் புதுசாகக் கணக்கு வைக்கிறார்கள்; சந்தை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தால் ஃபண்ட் தன்னால் தேய்ந்துபோகும் என்றார். விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். என்ன கொடுமையென்றால், அவர் சொன்னது எங்களுக்குப் புரிகிற மாதிரி இருந்தது. செல்வின் பயந்துபோய்க் காதைப் பொத்திக்கொண்டார்.

நாங்கள் மூவரும் பேக்கரியில் தனியாகக் கூடினோம். அண்ணாச்சி இல்லாமல் கூடியது அதுதான் முதல் தடவை.

"வாங்கத் தெரிஞ்சவருக்கு வாங்கப் பிடிக்கலை. வாங்கப் பிடிச்ச நமக்கு வாங்க விடலை" என்றேன் நான்.

"அப்போ அந்த ஃபண்டை யாருக்குத்தான் விப்பாவ?" என்றார் செல்வின்.

ஆவுடையப்பன் சார் கையிலிருந்த பன்னைத் தட்டில் வைத்தார். "அண்ணாச்சியைக் குணப்படுத்தணும்" என்றார்.

லட்சுமிகாந்தனிடம் போய், ஒருமுறை தேறினவர் மறுபடி எழுதலாமா என்று விசாரித்தோம். மார்க்கைக் கூட்டிக்கொள்ள விரும்பினால் எழுதலாம், கடைசியாக எடுத்த மார்க்குதான் செல்லும் என்றார். இனி அண்ணாச்சி சம்மதிக்க வேண்டும். அவரைக் கட்டாயப்படுத்தவே வேண்டியிருக்கவில்லை. நாங்கள் பேக்கரியில் உட்கார ஆரம்பித்ததிலிருந்து அவர் கடையில் ஃபேன் அவருக்காக மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாளே அவராக பேக்கரிக்கு வந்து, கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றார். ஆள் இளைத்திருந்தார்.

"என்னை இப்படித் தனியா விட்டுட்டியளே வே" என்றார். "நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யுதேன்."

ஆவுடையப்பன் சார் அன்றே டியூஷனைத் தொடங்கினார். முதலில் சதவிகிதத்திலிருந்து ஆரம்பித்தார். எங்கள் ஊர்ப் பள்ளியில் எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் அவர் சதவிகிதப் பாடத்தைக் கடந்து மீண்டதில்லை. முதல் வகுப்பு முடிந்ததும் அண்ணாச்சிக்கு ஃபண்ட் எந்தத் திசையில் போகும் என்று சந்தேகம் வந்தது. இரண்டாம் வகுப்பில் சந்தை எந்தத் திசையில் போகும் என்பதே சந்தேகமாயிற்று. கூட்டு வட்டிக்கு வந்தபோது, தன் கடைத் தராசிலேயே நம்பிக்கை போய், வாங்க வந்தவரைப் பார்த்து, நீங்களே குத்துமதிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். இது போதும், இதற்கு மேல் போனால் வியாபாரம் போய்விடும் என்று நான்தான் தடுத்து நிறுத்தினேன்.

மறுபரீட்சையில் அண்ணாச்சி வாங்கியது பூஜ்யத்துக்கும் கீழே. தப்பான விடைக்கு மார்க் கழிப்பார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எங்கள் மூவரையும்விடக் குறைவு. தலைவர் தலைவர்தான். லட்சுமிகாந்தன் திரையைப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை தண்ணீர் குடிக்காமல் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். பேக்கரியிலிருந்து ரோஜாப்பூ மாலை போட்ட மாதிரி கிரீம் வைத்து ஒரு கேக் வரவழைத்து வெட்டினோம். அண்ணாச்சி எங்கள் நடுவில் உட்கார்ந்து நெடுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

அந்த வாரமே பெண்கள் காசியிலிருந்து திரும்பினார்கள். ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய்ப் பெட்டிகளை நாங்களே தூக்கிக்கொண்டோம். எங்களுக்கும் கொஞ்சம் நல்ல புத்தி உண்டு. காசியில் பிடித்தது எதையாவது விட்டுவிட்டு வர வேண்டும் என்பார்களே, நீ என்ன விட்டாய் என்று கோமதியிடம் கேட்டேன்.

"உங்களை விடலாம்னுதான் பாத்தேன். கூட வரலையே" என்றாள். முகத்தில் கோபம் இல்லை. அதனால் அது நல்லதா கெட்டதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பெண்கள் வந்துவிட்டதால் இனி வீட்டில் கவலையில்லை, பொதுக் காரியத்தைப் பார்க்கலாம் என்றார் அண்ணாச்சி. மறுபடி ஃபேனுக்குக் கீழே கூடி, மேலிடத்துக்கு ஒரு மனு எழுதினோம். தேறினவர்களுக்குச் சுதந்திரம் கொடுத்து ஒரு பயனும் இல்லை, அவர்கள் வாங்குவதே இல்லை என்பதை அண்ணாச்சியின் அனுபவத்தைச் சொல்லி விளக்கினோம். ஆகவே, இந்த ஃபண்டை இனிமேல் பரீட்சையில் தேறாதவர்களுக்கு மட்டுமே விற்க வேண்டும். தப்பித் தவறித் தேறிவிட்டவர்களுக்கு அரசு செலவில் ஆவுடையப்பன் சாரிடம் டியூஷன் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம்.

மனுவின் அடியில் உறுதிமொழி ஒன்று வேண்டும் என்றார் லட்சுமிகாந்தன். வழக்கமாக, ‘மேற்கண்ட அனைத்தையும் படித்துப் புரிந்துகொண்டோம்’ என்று எழுதுவார்களாம். அப்படி எழுதினால் நாம் தகுதியிழந்துவிடுவோமே என்று அண்ணாச்சி பதறினார். அதனால், ‘மேற்கண்ட எதுவும் எங்களுக்குப் புரியவில்லை என்று இதன்மூலம் உறுதியளிக்கிறோம்’ என்று எழுதி, நால்வரும் கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினோம்.